வெளியே போகும் நாளிலும் முயலின் வயிறு நிற்கக் கூடாது

வேலை காரணமாக அடிக்கடி வெளியே இருப்பவர்கள் முயல் வளர்க்கலாமா? தாராளமாக வளர்க்கலாம். முயல் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் துள்ளித் திரியும். பகலில் பெரும்பாலும் ஓய்வெடுக்கும். நீங்கள் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு வேளைகளில் அதைக் கூண்டுக்கு வெளியே விட்டு, கூடவே தரையில் உட்காருங்கள்.

கிளம்பும் முன் தட்டு நிறைய உலர்ந்த புல் வையுங்கள். தீவனக் குருணையை நிறையக் கொட்டிவிட்டுப் போவது பெரிய தவறு. முயலின் குடல் ஓயாமல் இயங்க நார்ச்சத்து வேண்டும்; பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் அவை தேயவும் புல்தான் உதவும். தண்ணீரைக் கவிழாத கனமான கிண்ணத்தில் வையுங்கள். மின்கம்பிகளை எட்டாமல் மறைத்துவிடுங்கள், கடித்துவிடும். வெயில் காலமென்றால், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம்.

திரும்பியதும் முதல் வேலை புழுக்கையைப் பார்ப்பது. அது சிறுத்திருந்தாலோ, குறைந்திருந்தாலோ கவனம் தேவை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். குடல் இயக்கம் நின்றால் உயிருக்கே ஆபத்து.

ஓரிரவு வெளியூரில் தங்க நேர்ந்தாலும், தினம் இரண்டு முறை வந்து பார்க்க நம்பிக்கையான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். முயல் தனிமையைத் தாங்காத பிராணி. கருத்தடை செய்த இணை ஒன்று இருந்தால், நீங்கள் இல்லாத நேரத்திலும் அதற்குத் துணை இருக்கும்.