பழைய லேப்டாப்பின் கிராபிக்ஸை ஓவர்க்ளாக் செய்யும்போது மதர்போர்டைக் காவு வாங்கும் தவறுகள்

பல வருடம் உழைத்த கேமிங் லேப்டாப்பில் நொடிக்கு இன்னும் நான்கு ஃப்ரேம் கிடைக்காதா என்று ஓவர்க்ளாக்கில், அதாவது சிப்பை அதன் நிர்ணயித்த வேகத்துக்குமேல் ஓட்டுவதில், இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் வழுக்கி விழுகிறார்கள். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 960எம், 1050, 1050 டிஐ கிராபிக்ஸ் சிப் பொருத்திய லேப்டாப்புகள் செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய ஆட்கள் செய்து கெடுத்த அதே பிழைகளும் அவற்றோடு கைமாறுகின்றன. மெத்தைமேல் வைத்து விளையாடுவது, ஃபேன் தூசியைத் தட்டாமல் விடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

முதலில் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 960எம்-இல் கோர் க்ளாக்கை (சிப் ஓடும் வேகம்) 135 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கூட்ட டிரைவர் விடாது. 1096 என்பது 1231 ஆகும். சுமார் 12 சதவீதம். 40 ஃப்ரேமில் ஓடிய கேம் 44-ஐத் தொட்டால் அதுவே நல்ல பலன். இந்த நான்கு ஃப்ரேமுக்காக எதைப் பணயம் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதுதான் கீழே இருப்பதெல்லாம்.

## எது தடுக்கிறது என்று பார்க்காமலே ஏற்றுவது

ஓவர்க்ளாக் செய்யும் மென்பொருளான ஆஃப்டர்பர்னரைத் திறப்பதற்கு முன் ஜிபியு-இசட் மென்பொருளின் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்து, வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரி, க்ளாக் ஏன் இதற்குமேல் ஏறவில்லை என்று காட்டும். தெர்மல் என்று வந்தால் சூடு தடுக்கிறது. க்ளாக்கைக் கூட்டுவதற்கு முன் சூட்டைக் கவனிக்க வேண்டும். பவர் என்று வந்தால், ஸ்லைடரில் கூட்டிய அளவு கேமில் முழுதாக வந்து சேராது. வோல்டேஜ் வரம்பு என்று காட்டினால் மட்டுமே ஏற்றுவது அப்படியே பலனாகும்.

ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) உபயோகம் 60, 70 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் பிரச்சினை கிராபிக்ஸில் இல்லை. பிராசஸரோ ரேமோ பின்தங்குகிறது. ஒற்றை 8 ஜிபி ரேம் மட்டும் உள்ள லேப்டாப்பில் இன்னொரு 8 ஜிபி போட்டு டூயல் சேனல் ஆக்குவது, பல கேம்களில் எந்த ஓவர்க்ளாக்கையும்விட அதிகம் தரும்.

இன்னொன்று. இந்த வகை லேப்டாப்புகள் பலவற்றில் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே ஹீட்பைப்தான். ஐ7-7700ஹெச்கியூ டர்போவில் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும்போது அதன் சூடும் அதே செம்புக் குழாயில்தான் ஏறுகிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதமாக்கினால் டர்போ நின்று 2.8-இல் தங்கும். கேமின் ஃப்ரேம் குறையவில்லை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

## பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் தடவுவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. கோபம் வருவதற்குக் காரணம், செய்தவருக்குத் தான் தவறு செய்ததே தெரியாது என்பதுதான். திரையில் தெரியும் எண்கள் எல்லாம் நன்றாக இருக்கும்.

நடப்பது இப்படி. ஓவர்க்ளாக்குக்குத் தயாராகிறேன் என்று ஒருவர் பின்மூடியைக் கழற்றி, ஹீட்சிங்கைத் தூக்குகிறார். சிப்பின்மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட், காய்ந்துபோய். சுற்றியிருக்கும் மெமரி சிப்புகளின்மேலும் மின்சாரத்தைச் சீராக்கும் மாஸ்ஃபெட்டுகளின்மேலும் பிசுபிசுத்த, பாதி கிழிந்த சாம்பல் நிறப் பட்டைகள். அழுக்கு என்று அவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் நல்ல பேஸ்டைத் தாராளமாகத் தடவி மூடுகிறார். ஜிபியு சூடு பத்து டிகிரிக்குமேல் குறைந்திருக்கும். தெம்பாகி, மெமரி க்ளாக்கில் 300 மெகாஹெர்ட்ஸ் கூட்டிவிடுகிறார்.

அந்தப் பட்டைகள்தான் தெர்மல் பேட். சிப்பின் நடுவில் இருக்கும் டை என்ற சிலிக்கான் துண்டு ஹீட்சிங்கோடு ஒட்டி உட்காரும். மெமரியும் மாஸ்ஃபெட்டும் உயரத்தில் தாழ்ந்தவை. அவற்றுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே அரை முதல் ஒன்றரை மி.மீ வரை இடைவெளி இருக்கும். பேஸ்ட் என்பது முடியளவு மெல்லிய பரப்பை நிரப்பச் செய்தது. ஒரு மி.மீ இடைவெளியில் அது சூட்டில் இளகி வழிந்து காற்றுக்கு இடம்விட்டுவிடும். காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. ஜிபியு-இசட் காட்டும் டிகிரி நடு டையின் சூடு மட்டும். இந்தத் தலைமுறை மெமரியின் சூட்டை எந்த மென்பொருளும் காட்டாது. திரையில் 70 டிகிரி தெரியும்போது பக்கத்து மாஸ்ஃபெட் நூறைத் தாண்டியிருந்தாலும் யாருக்கும் தெரியாது.

பிறகு கேமுக்குள் சிறு சதுரங்கள், பச்சைப் புள்ளிகள், திடீர்க் கறுப்புத் திரை. டெஸ்க்டாப் மட்டும் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் அதை வரைவது பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ். அதனால் 'டிரைவர் கோளாறு' என்று ஒரு வாரம் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவார்கள். கடைசியில் டிவைஸ் மேனேஜரில் கோட் 43, சாதனம் பழுது என்று விண்டோஸ் அதை நிறுத்திவிட்டதற்கான எண். மாஸ்ஃபெட் போனால் இன்னும் மோசம். மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால், ஒரு வோல்ட் அளவில் ஓட வேண்டிய சிப்புக்குள் அடாப்டரின் 19 வோல்ட் நேராக இறங்கும். லேப்டாப்பில் சிப் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. கார்டை மட்டும் மாற்றிக்கொள்ள வழியில்லை. ஹாட் ஏர் அடித்து உயிர் கொடுத்தாலும் அது சில நாள், சில வாரம்.

சரியாகச் செய்ய ஒரு மாலை நேரம் போதும். அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். ஹீட்சிங்கைத் தூக்கியதும், எதையும் துடைக்கும் முன் போட்டோ எடுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு பேட் என்பதற்கு அதுதான் வரைபடம். பழைய பேடின் அமுங்காத ஓரத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து, அதே தடிமனில் வாங்குங்கள். மெமரிக்கு ஒரு தடிமன், மாஸ்ஃபெட்டுக்கு வேறு தடிமன் இருக்கலாம், தனித்தனியே அளக்க வேண்டும்.

பேட் ஏற்கெனவே தொலைந்துவிட்டதா? குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் சிறு உருண்டை பிடித்து, க்ளிங் ஃபிலிமில் பொதிந்து, மெமரி சிப்பின்மேல் வைத்து ஹீட்சிங்கைப் பூட்டிக் கழற்றுங்கள். தட்டையான களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. அதைவிட 20 சதவீதம் அளவுக்குக் கூடுதலான, மென்மையான பேட் வேண்டும். வாங்கும்போது கடத்துதிறன் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 12 என்று எழுதிய, விரலால் அமுக்கினால் அமுங்காத பேடைவிட 6 என்று எழுதிய மெத்தென்ற பேட் இங்கே நன்றாக வேலை செய்யும்.

தடிமன் மிஞ்சினாலும் ஆபத்துதான். பேட் தகட்டை முட்டுக்கொடுத்துத் தூக்கிவிடும், டை சரியாக ஒட்டாது. திருகை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று முறுக்குகிறவர்கள் டையின் மூலையை உடைத்துவிடுகிறார்கள். லேப்டாப் சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது, திறந்த சிலிக்கான் அது. ஹீட்சிங்கில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும் வரிசையில், ஒவ்வொன்றாக அரைச் சுற்று வீதம் முறுக்குங்கள். முதல்முறை பூட்டியதும் உடனே கழற்றிப் பாருங்கள்: டையின்மேல் பேஸ்ட் முழுதாக மெல்லப் பரவியிருக்க வேண்டும், ஒவ்வொரு பேடிலும் சிப்பின் சதுரத் தடம் பதிந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் டையைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்துக் கடைசியாகப் பூட்டுங்கள். துடைக்க 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் துணியும் போதும். ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினால் டையைச் சுற்றியுள்ள மணல் அளவு கெப்பாசிட்டர்கள் பெயர்ந்துவிடும்.

## கோரையும் மெமரியையும் ஒரே மூச்சில் ஏற்றுவது

கேம் நின்றால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. கோரை 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கிராபிக்ஸைச் சோதித்து ஸ்கோர் தரும் ஹெவன் பெஞ்ச்மார்க்கைக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். திணறும் இடத்திலிருந்து 30 இறக்கி, அங்கேயே விட்டுவிடுங்கள். அதன்பிறகே மெமரி, 50 வீதம்.

மெமரியில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்தச் சிப்புகளில் இருக்கும் ஜிடிடிஆர்5 வகை மெமரி தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் தரவைத் திரும்ப அனுப்பும். அதனால் எல்லை தாண்டியதும் படம் கெடாது. ஃப்ரேம் மெல்லக் குறையும். ஒவ்வொரு படியிலும் ஸ்கோரை எழுதி வையுங்கள். முந்தைய படியைவிட ஸ்கோர் இறங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். 1050 டிஐ-க்கு ஆஃப்டர்பர்னர் 3504 என்று காட்டும். அதில் 280 கூட்டினால் நொடிக்கு 112 ஜிபி என்பது 121 ஆகும். 128 பிட் சிப்புக்கு அது நல்ல லாபம்.

## ஃபர்மார்க்கில் தேறிவிட்டது என்று நம்புவது

கிராபிக்ஸைத் திணறடிக்கும் சோதனை மென்பொருளான ஃபர்மார்க் பவர் வரம்பை உடனே முட்டி, க்ளாக்கைக் கீழே இழுத்துவிடும். நீங்கள் சோதித்தது அந்தக் குறைந்த க்ளாக்கை. கேமின் லேசான காட்சியில் க்ளாக் உச்சிக்குப் போகும்போதுதான் உண்மையான சோதனை.

## வோல்டேஜைக் கூட்டத் துடிப்பது

பெரும்பாலான லேப்டாப்பில் அந்த ஸ்லைடர் பூட்டியிருக்கும், அது நல்லதுக்குத்தான். 1050, 1050 டிஐ வைத்திருப்பவர்கள் எதிர்த்திசையில் போங்கள். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால், எந்த வோல்டேஜில் எந்த க்ளாக் என்று காட்டும் வோல்டேஜ் வளைவு திறக்கும். கோர் ஸ்லைடரை 200 இறக்கி அப்ளை செய்து, 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1700 வரை தூக்கி, மறுபடி அப்ளை செய்யுங்கள், வலப்பக்கம் தட்டையாகிவிடும். சிப்புக்குச் சிப் மாறும், 1700 நிற்காவிட்டால் 1650. சூடும் பவரும் குறைவதால், கேமில் தொடர்ந்து நிற்கும் க்ளாக் முன்பைவிட அதிகமாகவே இருக்கும். 960எம்-இல் இந்த வசதி இல்லை.

## மாற்றிய வீடியோ பயாஸை (கிராபிக்ஸ் சிப்பின் அடிப்படை மென்பொருள்) ஏற்றுவது

வேண்டாம்.

## சார்ஜர் இல்லாமல் சோதிப்பது

பேட்டரியில் பவர் வரம்பு தாழ்ந்துவிடும். அந்த எண்கள் எதற்கும் உதவாது.

## விண்டோஸ் தொடங்கும்போதே அப்ளை ஆகும்படி முதல் நாளே டிக் செய்வது

ஒரு வாரம் ஆடிப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

## மார்கழி இரவில் சோதனையை முடித்துக்கொள்வது

24 டிகிரி அறையில் நின்ற க்ளாக், சித்திரை மதியம் 36 டிகிரி அறையில் நிற்காது. அறை ஏறும் அளவுக்குச் சிப்பும் ஏறும், ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. ஆஃப்டர்பர்னரில் ஐந்து ப்ரொஃபைல் வைத்துக்கொள்ள இடம் உண்டு. குளிர்காலத்துக்கு ஒன்று, கோரில் 25-உம் மெமரியில் 100-உம் குறைத்து வெயிலுக்கு ஒன்று என்று சேமித்துவிட்டு, பங்குனி பிறந்ததும் இரண்டாவதுக்கு மாறிக்கொள்ளுங்கள்.