இக்னைட்டர் சிவக்கிறது, ஓவன் எரியவில்லை: நாமே மாற்றுவது எப்படி?

மேலே நான்கு பர்னரும் ஜம்மென்று எரிகின்றன. ஓவன் மட்டும் 350 டிகிரி ஃபாரன்ஹீட் வருவதற்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு காஸ் ரேஞ்ச் (மேலே பர்னரும் கீழே ஓவனும் சேர்ந்த அடுப்பு) போன குளிர்காலத்தில் இப்படித்தான் படுத்தியது. மகளின் பிறந்தநாளுக்கு வைத்த கேக், ஓரம் வெந்து நடுவில் மாவாகவே நின்றுவிட்டது. வந்து பார்த்த டெக்னீஷியன், "இக்னைட்டர் நன்றாகத்தான் சிவக்கிறது, வால்வு போய்விட்டது" என்று சொல்லி ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தார். வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. காஸைப் பற்றவைக்கும் அந்த இக்னைட்டரை நானே மாற்றினேன், சரியாகிவிட்டது. அதே தவறான முடிவுக்கு நீங்களும் காசு கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது, மின்சாரத்தில் சூடாகிச் சிவக்கும் வகை இக்னைட்டருக்கு மட்டும். டிக் டிக் என்று பொறி தட்டும் ஓவன் வேறு சமாச்சாரம்.

சிவந்தும் ஏன் எரிவதில்லை?

ஓவனுக்கு காஸ் விடும் வால்வும் இக்னைட்டரும் ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. இக்னைட்டர் வழியாகப் போகும் அதே கரண்ட்தான் வால்வுக்குள்ளும் போகிறது. வால்வுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சின்னப் பட்டை உண்டு. கரண்ட் போதுமான அளவு போனால் அந்தப் பட்டை சூடாகி வளைந்து காஸைத் திறந்துவிடும். அதற்குள் இக்னைட்டரும் காஸைப் பற்றவைக்கும் சூட்டுக்கு வந்திருக்கும். இக்னைட்டர் உடைந்துபோனால் கரண்ட் இல்லை, காஸும் இல்லை. பற்றவைக்க ஆள் இல்லாத இடத்தில் காஸ் வெளியே வரவே வராது. எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்!

இக்னைட்டர் பழசாக ஆக, அதன் வழியே போகும் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் சிவந்துதான் தெரியும். ஆனால் வால்வின் பட்டையை வளைக்க அந்தக் கரண்ட் பத்தாது. அதனால் வால்வு தாமதமாகத் திறக்கும், இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. சிவப்பைப் பார்த்து இக்னைட்டருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

உறுதி செய்துகொள்வது

முதலில் மேல் பர்னர்கள் எரிகின்றனவா பாருங்கள். எரிந்தால் ரேஞ்சுக்கு காஸ் வருகிறது என்று அர்த்தம். பிறகு ஓவனை 350-இல் வைத்துவிட்டு, அடித்தகட்டின் துளை வழியே பார்த்தபடி கடிகாரத்தைக் கவனியுங்கள். நல்ல இக்னைட்டர் ஏறக்குறைய 30 முதல் 60 வினாடிக்குள் தீயைப் பிடித்துவிடும். ஒன்றரை நிமிடம் தாண்டியும் வெறுமனே சிவந்துகொண்டே இருந்தால் சந்தேகம் இக்னைட்டர் மேல்தான்.

வயரைச் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கீழே உள்ள டிராயரை வெளியே எடுத்தால் பல மாடல்களில் வால்வுக்குப் போகும் வயர்கள் தெரியும். மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு வயரை மட்டும் விடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். நானும் முதல் தடவை அப்படித்தான் பிடித்து ஐந்து நிமிடம் குழம்பினேன். தட்டையான இக்னைட்டர் என்றால் 3.2 முதல் 3.6 ஆம்பியர் வரை இருக்க வேண்டும். உருண்டையானது என்றால் 2.5 முதல் 3.0 வரை. எங்கள் வீட்டுத் தட்டை இக்னைட்டர் பளிச்சென்று சிவந்துகொண்டே 2.7 காட்டியது.

ஆறிய நிலையில் ஓம் (மின்தடை) அளவெடுத்துப் பார்ப்பதை நான் பெரிதாக நம்பமாட்டேன். முழுதாக உடைந்துபோனதை அது காட்டிக்கொடுக்கும், பலவீனமானதைக் காட்டிக்கொடுக்காது. இன்னொன்று: வால்வைச் சோதிக்கிறேன் என்று நேரடியாக 120 வோல்ட்டை அதில் கொடுத்துவிடாதீர்கள். அது வாங்குவது சில வோல்ட்தான், நொடியில் கருகிப்போகும்.

வாங்கும்போது

ஓவன் கதவைத் திறந்தாலோ, கீழ் டிராயரை இழுத்தாலோ, சட்டத்தின் ஓரத்தில் மாடல் எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் வாங்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று தட்டைக்குப் பதில் உருண்டையைப் போடக் கூடாது. ஒவ்வொரு வால்வும் குறிப்பிட்ட ஆம்பியரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. கூடவே கால் அங்குல நட் டிரைவர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கையுறை, டார்ச் எல்லாம் எடுத்து வையுங்கள். புது இக்னைட்டரில் பிளக் இல்லாவிட்டால் பீங்கான் வயர் நட் (இரண்டு வயர் முனைகளை முறுக்கி இணைக்கும் மூடி) இரண்டு வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் நட் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊரில் காஸ் சாதனத்தைத் தொட உரிமம் வேண்டுமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை

ஓவன் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பிரேக்கரை அணைத்து, ரேஞ்சின் கடிகாரமும் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ரேஞ்சை இழுப்பதானால் மெதுவாக இழுங்கள், பின்னால் காஸ் ஹோஸ் இருக்கிறது. காஸ் குழாயின் வால்வுக் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்கே திருப்பினால் மூடியாயிற்று. இந்த வேலை முழுவதிலும் காஸ் குழாயின் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. எந்தக் கட்டத்திலாவது காஸ் வாடை நிற்காமல் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து காஸ் கம்பெனிக்கோ 911-க்கோ போன் செய்யுங்கள்.

உள்ளே இருக்கும் தட்டுகளை எடுங்கள். கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், குனிந்து வேலை செய்ய இடம் கிடைக்கும். அடித்தகடு பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அவற்றை எடுத்துவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி முன்னால் இழுத்தால் வந்துவிடும். அதன் கீழே தீயைப் பரப்பும் இன்னொரு தகடு இருந்தால் அதையும் எடுங்கள். நீண்ட பர்னர் குழாயும் அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல இக்னைட்டரும் தெரியும். இங்கே நிறுத்தி, போனில் இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, வயர் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பது பிறகு சத்தியமாக மறந்துவிடும்.

இக்னைட்டரைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்க்ரூ. வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்ததால் துரு ஏறி இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை உடையும். கால் திருப்பு முன்னே, கால் திருப்பு பின்னே என்று அசைத்து அசைத்து எடுங்கள். என் வீட்டில் இந்த இரண்டு ஸ்க்ரூவுக்கே இருபது நிமிடம் ஆனது. அதன்பின் வயரைப் பின்தொடர்ந்து போய்ப் பிளக்கைப் பிரியுங்கள். பல மாடல்களில் அது டிராயருக்கு மேலேயோ பின்பக்கத் தகட்டுக்கு அந்தப் பக்கமோ இருக்கும். பிளக் பொருந்தாவிட்டால், பழைய பிளக்கின் பக்கம் போதுமான நீளம் விட்டு பழைய இக்னைட்டரின் வயரை வெட்டி, புது வயரோடு பீங்கான் நட்டில் முறுக்கிவிடுங்கள். எந்த வயர் எதோடு என்ற கவலை வேண்டாம், இதில் பிளஸ் மைனஸ் கிடையாது.

இப்போது புதியது. சாம்பல் நிறத்தில், கரித்துண்டு போல இருக்கும் அந்தப் பகுதி சிலிக்கான் கார்பைடு. சாக்பீஸ் போல நொறுங்கும். மேஜை விளிம்பில் லேசாக இடித்தாலே போதும், போட்ட காசு போயிற்று. அதை விரலாலும் தொடாதீர்கள். தோலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும். எப்போதும் அடிப் பீங்கானையோ உலோகக் கூட்டையோ பிடித்துத்தான் தூக்க வேண்டும். பழையது இருந்த அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து வைத்து, ஸ்க்ரூவை நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வயர் பர்னரையோ கூரான தகட்டு ஓரத்தையோ தொடாமல் போகட்டும்.

மூடுமுன் சோதனை

தகடுகளைப் போடுவதற்கு முன் காஸைத் திறந்து, கரண்ட் கொடுத்து, ஓவனை 350-இல் வையுங்கள். கையை உள்ளே விடாமல் தள்ளி நின்று பாருங்கள், இப்போது அங்கே 120 வோல்ட் ஓடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் 'புஸ்' என்ற மெல்லிய சத்தத்தோடு பர்னர் நெடுகத் தீ ஓடும். தீ நீலமாக இருக்க வேண்டும். பெரும்பகுதி மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள், அந்தத் தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். மீட்டர் சரியான ஆம்பியர் காட்டியும் தீ வரவில்லை என்றால்தான் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். அந்த வேலையில் காஸ் இணைப்பைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால் மறுபடி அணைத்து, ஆறவிட்டு, தகடுகளையும் கதவையும் மாட்டுங்கள். ரேஞ்சை இழுத்திருந்தால், அது முன்னால் கவிழாமல் பிடிக்கும் பின்பக்கக் கொக்கியில் பின்கால் சரியாக நுழைந்திருக்கிறதா பாருங்கள். பிள்ளைகள் திறந்த கதவின் மேல் ஏறினால் காப்பாற்றுவது அந்தக் கொக்கிதான். பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து, வெறும் ஓவனைக் கால் மணி நேரம் எரியவிடுங்கள். ஓவன் தெர்மாமீட்டர் இருந்தால் நடுத்தட்டில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது நிமிடத்தில் 350 காட்டியது. அன்று மாலையே மகளுக்கு இன்னொரு கேக் வைத்தோம்.