‘இதற்குச் சட்டமே இல்லை’ என்று எழுதும் முன்: அரசு இன்டர்ன்ஷிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருடத்துக்கு நாலைந்து சட்ட மாணவர்கள் எங்கள் பிரிவுக்கு இன்டர்ன்ஷிப் வருகிறார்கள். பள்ளிக் கட்டடம், விடுதி, தீத்தடுப்பு என்று பொதுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கோப்புகள்தான் இங்கே அதிகம். நானும் ஒரு காலத்தில் அப்படி வந்தவன்தான். அன்று நான் அடித்த கூத்தையே இவர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் அடிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, கூடவே எரிச்சலும். நேரத்துக்கு வா, சட்டையை இன் பண்ணு என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

‘எனவே, புதுச் சட்டம் தேவை’

பள்ளிக் கட்டடப் பாதுகாப்பு பற்றிக் குறிப்பு எழுதச் சொன்னால், முதல் பத்தியில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்து வந்துவிடும். 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். சரி, வரட்டும். கடைசிப் பத்தி ‘எனவே, இதற்கெனத் தனிச் சட்டம் இயற்ற வேண்டும்’ என்று முடியும். இந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் நானும் அப்படித்தான் முடித்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து பதினோரு பக்கம். பிரிவு அலுவலர் அம்மா நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தம்பி, 1965 சட்டம் பாத்தீங்களா?”

எந்த 1965 என்றே எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம். கும்பகோணத்தில் ஓலைக் கூரை பற்றி எரிந்தபோது அந்தச் சட்டத்துக்கு 39 வயது. தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்த 1973-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருந்தது. மதிய உணவுக்கு அடுப்பு எரிந்த இடத்துக்கு மேலேயும் ஓலை, பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்புக்கு மேலேயும் ஓலை. அதைப் போய்ப் பார்த்து ‘கூடாது’ என்று சொல்ல வேண்டியவர் யார்? குறிப்பு அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒரு பள்ளி நடத்த வட்டாட்சியரிடம் கட்டட உரிமம், பொறியாளரிடம் உறுதிச் சான்று, சுகாதாரத் துறையிடம் ஒரு சான்று, தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று. நாலு காகிதம், நாலு அலுவலகம். ஒருவர் கொடுத்த சான்றை நம்பி அடுத்தவர் கையெழுத்துப் போடுகிறாரா, இல்லை நேரில் போகிறாரா? உரிமம் இல்லை என்று தெரிந்தால் பூட்டுப் போடும் அதிகாரம் யார் கையில்? அம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாலு கட்டம் போட்டுக் கொடுத்தார்: யார், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், என்ன செய்யலாம், எத்தனை நாளுக்குள். அதை நிரப்ப எனக்கு இரண்டே நாள் ஆனது. பார் கவுன்சிலின் 2008 விதிப்படி, ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நாலு வாரத்துக்கு மேல் இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது. மூன்று வாரத்தைப் பதினோரு பக்கமே தின்றுவிட்டது.

போன முறை ஒரு மாணவி மகளிர் விடுதிகள் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். கடைசி வரி என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அந்த விடுதிகளுக்கென்றே 2014-இல் ஒரு சட்டம் வந்துவிட்டது. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைத்தாளை எடுத்து நாலு கட்டம் போட்டேன்.

பழைய எண்கள்

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. டீக்கடையில் ‘144 தடை உத்தரவு’ என்று தாராளமாகச் சொல்லலாம். குறிப்பில் அது பிரிவு 163. ஆனால் 2023-இல் போட்ட உத்தரவைக் குறிப்பிடும்போது 144 என்றுதான் எழுத வேண்டும். Find-Replace பாணியில் அதையும் 163 ஆக்கிவிட்ட புண்ணியவான்கள் உண்டு.

கோப்பை போனில் படம் எடுப்பது

கூடாது.

எல்லாவற்றுக்கும் டெல்லி

பொது ஒழுங்கும் காவலும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு இனங்கள். தீயணைப்பு, நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் ஏழாவது இனம். ‘ஒன்றிய அரசு உடனே தலையிட வேண்டும்’ என்று எழுதும் முன் இந்த இரண்டையும் ஒரு தரம் புரட்டுங்கள்.

இணையத்தில் கிடைத்த அரசாணை

அது பிறகு திருத்தப்பட்டதா, ரத்தானதா என்று அந்தத் தாளில் இருக்காது. பதிவறைக்குப் போங்கள். எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. துறையும் வருடமும் சொன்னால், எங்கள் பதிவறை அக்கா பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்து எடுத்து வைப்பார். மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் கூட்டம் இருக்காது.