மோட்டாரைத் தூக்க வேண்டிய நேரம் எது?

"மேட்டூர்ல எவ்வளவு திறந்திருக்காங்க?" ஆடி மாதம் குளித்தலை டீக்கடைகளில் முதல் கேள்வி இதுதான். அந்த ஒரு எண்ணை நம்பி, படுகையில் வாழைக்குப் போட்டிருந்த மோட்டாரை ஒரு வருஷம் ஆற்றுக்குக் கொடுத்தேன். பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன என்பது அன்று உறைக்கவில்லை.

இப்போது மேட்டூர், பவானிசாகர், அமராவதி மூன்றின் திறப்பையும் நோட்டில் எழுதுகிறேன். அப்புறம் மாயனூர் கதவணை. எங்களுக்கு நேர் மேலே இருப்பதால் அந்தக் கணக்குதான் எங்கள் கணக்கு. திறப்பில் ஒரு கனஅடி என்றால் விநாடிக்கு 28.3 லிட்டர்; சுமார் 11,500 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி தண்ணீர்.

மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. 90 அடியில் நிற்கும்போது, எல்லையில் காவிரி வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் நிறைய வந்தாலும் உடனே பயமில்லை, நிரம்பும்வரை அணை வாங்கிக்கொள்ளும். 118-ஐத் தாண்டிவிட்டால் வருகிற தண்ணீர் அப்படியே நமக்குத்தான். அப்போது திறப்பைவிட வரத்தைப் பாருங்கள். பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் தண்ணீர் காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு கல்லணை சேர மூன்று நாள் ஆகும். வெள்ளம் அவ்வளவு அவகாசம் தராது.

இதெல்லாம் போனில் பார்ப்பது. கண்ணால் பார்க்கப் படித்துறை போதும். மேலிருந்து எத்தனை படி வெளியே தெரிகிறது என்று தினமும் காலை 6 மணிக்கு எண்ணுங்கள். கழி விட்டு ஆழம் பார்க்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் ஏமாற்றும். அடையாளத்துக்கு நான் ஏழாவது படியில் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். வெள்ளக் காலத்தில் மணிக்கொரு தடவை போவேன். ஒரு மணி நேரத்தில் ஒரு படி மூழ்கினால் மோட்டார் கரையேறிவிடும்.

வாய்க்காலில் ஓட்டத்தையே அளக்கலாம். 20 மீட்டர் தள்ளி இரண்டு குச்சி நட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை விடுங்கள். 25 விநாடியில் போனால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும், அதனால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். வாய்க்கால் 6 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 4 கனமீட்டர், அதாவது 144 கனஅடி.

நிறத்தையும் விடாதீர்கள். செங்கலங்கலாகக் குப்பை கூளத்தோடு வந்தால் மேலே எங்கோ மழை. தண்ணீர் குறைந்த நாளில் நுரையும் நாற்றமும் இருந்தால், அன்று மாட்டைக்கூட இறக்க மாட்டேன்.