வீட்டில் பீர் காய்ச்ச ஹோஸும் ஃபிட்டிங்கும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவர்கள் பாத்திரத்துக்கும் பர்னருக்கும் நிறைய யோசித்துச் செலவு செய்வார்கள். ஹோஸ் என்று வரும்போது மட்டும் அரை இன்ச்சில் ஒரு சுருள் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி எல்லா இடத்துக்கும் மாட்டிவிடுவார்கள். நான் பார்த்த கோளாறுகளில் பாதி அந்த ஒரே சுருளில்தான் ஆரம்பிக்கின்றன. என்ன அளவு என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே என்ன போகப்போகிறது, எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை நேரம் அங்கே தங்கப்போகிறது என்று கேட்க வேண்டும்.

சூடான பக்கத்தில், அதாவது ஊறவைத்துக் கொதிக்கவைக்கிற கட்டத்தில், அடிக்கடி நடப்பது, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிற வினைல் ஹோஸை மாட்டுவது. உணவுத் தரம் என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் உணவுத் தரம் என்பது வேறு, சூடு தாங்குவது வேறு. மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியம்) ஊறவைக்கிற 65 முதல் 70 டிகிரியிலேயே சாதாரண வினைல் குழைய ஆரம்பித்துவிடும். வோர்ட் (மால்ட் ஊறிய இனிப்புச் சாறு, இதுதான் பிறகு பீராகிறது) கொதிக்கக் கொதிக்கப் போனால், ஹோஸ் மாட்டுகிற நிப்பிள் முனையைப் பிடித்துக்கொள்ளும் பலமே அதற்கு இருக்காது. ஹோஸ் கழன்று கையில் கொட்டினால், வோர்ட்டில் சர்க்கரை இருப்பதால் தோலில் ஒட்டிக்கொண்டு வெந்நீரைவிட மோசமாகச் சுடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். 200 டிகிரி வரை தாங்குகிற உணவுத் தர சிலிக்கோன்தான் இங்கே சரி.

அந்தச் சிலிக்கோனிலும் சுவர் கனத்தைப் பாருங்கள். உள்விட்டம் அரை இன்ச் என்றால் வெளிவிட்டம் முக்கால் இன்ச்சாவது இருக்கட்டும். மெல்லிய சிலிக்கோன் மாட்டிய ஒரு பம்பை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது. சூடு ஏற ஏற, பம்பின் உள்வாய்ப் பக்கத்து ஹோஸ் மெல்லத் தட்டையாகி, உறிஞ்சி முடித்த பால் பாக்கெட் மாதிரி ஒட்டிப்போனது. பம்ப் சத்தம் மாறி, கரகரத்து, ஓட்டம் நின்றுவிட்டது. பம்ப் கெட்டுவிட்டது என்று எல்லோரும் அதைக் கழற்றத் தயாரானோம். கெட்டது பம்ப் இல்லை.

இதே காரணத்தால் பம்பின் ஓட்டத்தைக் குறைக்கிற வால்வை உள்வாயில் வைக்கக் கூடாது. கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கிற திரவத்தை நெருக்கி இழுத்தால், அழுத்தம் குறைந்து அது பம்புக்குள்ளேயே ஆவியாகிவிடும். வால்வு வெளிவாயில்தான் இருக்க வேண்டும். உள்வாய் ஹோஸ் குட்டையாக, வளைவில்லாமல், பாத்திரத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கட்டும். முக்கால்வாசி வீட்டு பம்புகள் தானாக உறிஞ்சி நிரப்பிக்கொள்பவை அல்ல. அப்புறம், அரை இன்ச்சுக்குப் பதில் 3/8 இன்ச் போட்டால் என்ன, கொஞ்சம்தானே சின்னது என்று தோன்றும். உள்ளே இருக்கிற வழியின் பரப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸில் காய்ச்சுவதற்கான தண்ணீரைப் பிடிக்காதீர்கள், அந்த பிளாஸ்டிக் வாடை பீர் வரை வந்து சேரும். வோர்ட்டை ஆறவைக்கிற சில்லர் சுருளுக்குள் ஓடிவிட்டு வெளியேறுகிற தண்ணீருக்கு அதே ஹோஸ் தாராளமாகப் போதும், அது வோர்ட்டைத் தொடுவதில்லை.

மரை விஷயத்துக்கு வருவோம். அரை இன்ச் ஃபிட்டிங்கை ஸ்கேல் வைத்து அளந்தால் எங்கேயும் அரை இன்ச் வராது. ஆண் மரையின் வெளிவிட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். குழாயின் பெயரளவுதான் அந்த அரை இன்ச். இதைவிடப் பெரிய வம்பு, என்பிடி (NPT, அமெரிக்க முறை), பிஎஸ்பி (BSP, பிரிட்டிஷ் முறை) என்று இரண்டு வகை மரை புழக்கத்தில் இருப்பது. அரை இன்ச்சில் இரண்டுக்கும் ஒரு இன்ச்சுக்கு 14 மரைதான். அதனால் ஒன்றோடொன்று சில சுற்று ஒழுங்காக ஏறும், சரியாகிவிட்டது என்றே நினைப்போம். ஆனால் மரையின் கோணம் என்பிடியில் 60 டிகிரி, பிஎஸ்பியில் 55. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அந்த இணைப்பு கசியக்கூடும், இறுக்க இறுக்க மரை கெடும். வாங்கும்போதே வகையைக் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே வகையாக வாங்கிவிடுங்கள். ஃப்ளேர் (கூம்பாக விரிந்த முனையுள்ள) இணைப்புக்கு டேப்பே வேண்டாம். அங்கே கசிவைத் தடுப்பது மரை இல்லை, கூம்பு முகம்தான்.

பால் வால்வில் (ball valve, உள்ளே ஓர் உருண்டை திரும்பி வழியைத் திறந்து மூடுவது) மூன்று துண்டாகக் கழற்றக்கூடியதையே தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கிற உருண்டைக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வோர்ட் தேங்கும். கழற்ற முடியாத வால்வில் அதைத் தேய்த்துக் கழுவ வழியே இல்லை. கொதிக்கிற பாத்திரத்தில் சூடாவது கிருமியைப் பார்த்துக்கொள்ளும். ஆறிய பிறகு வோர்ட் போகிற பாதையில் அந்த உதவி கிடையாது, அங்கேதான் பீரைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா குடியேறும். என்னைக் கேட்டால், ஈஸ்ட் போட்ட பிறகு வருகிற பாதையில் மரையே இல்லாமல் கவ்வியால் பிடிக்கிற ட்ரை கிளாம்ப் இணைப்புதான் நல்லது. பித்தளையைச் சூடான பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிலும் ஈயம் சேராத வகையாக வாங்குங்கள். முடிந்த பீர் அமிலத்தன்மை உள்ளது, அதற்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும்.

சூட்டுக்கு அவ்வளவு நல்ல சிலிக்கோன், கெக்கிலிருந்து (பீரை அழுத்தத்தில் வைத்திருக்கிற உலோகப் பீப்பாய்) பீர் வருகிற லைனுக்கு ஆகாது. அதன் சுவர் வழியாக ஆக்ஸிஜன் எளிதாக ஊடுருவும். பத்து நிமிடம் மாற்றி ஊற்றப் பரவாயில்லை. நாள்கணக்கில் பீர் உள்ளே நின்றால் நனைந்த அட்டை வாடை வந்துவிடும். அழுத்தத்துக்கும் அது ஏற்றதல்ல. இதற்கென்றே ஆக்ஸிஜனைத் தடுக்கிற உள்பூச்சோடு லைன் கிடைக்கிறது.

பீர் லைனின் நீளமும் முக்கியம். ஒரு மீட்டர் போதாதா என்று வெட்டிவிட்டு, டம்ளர் முழுக்க நுரை வருகிறதென்று வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரைக் குறைப்பார்கள். நுரை குறையாது, சில நாளில் பீரில் இருக்கிற வாயுதான் குறையும். லைனுக்குள் உரசி உரசித்தான் அழுத்தம் படிப்படியாக இறங்க வேண்டும். 3/16 இன்ச் உள்விட்டமுள்ள வினைல் லைனில் 12 பிஎஸ்ஐ (psi) அழுத்தத்துக்கு சுமார் 3 மீட்டர் வைத்துப் பாருங்கள். ஊற்று ரொம்ப மெதுவாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்ளலாம்.