தேக்கு சோபாவுக்கு இலவம்பஞ்சு மெத்தை தைக்கும் முறை

ரங்கூன் வீடுகளில் கிடக்கும் பழைய தேக்கு சோபாவின் சட்டம் மூன்று தலைமுறை தாங்கும். அதன்மேல் போட்ட ஃபோம் மெத்தை சில வருடங்களில் மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். தரையில் தவழும் குழந்தையின் கையிலும் வாயிலும் போவது அந்த மாவுதான். கலிஃபோர்னியா 1975-ல் கொண்டுவந்த தீத்தடுப்பு விதியை நிறைவேற்ற, அமெரிக்கச் சந்தைக்கான ஃபோமில் பென்டாபிடிஇ என்ற புரோமின் கலவையைத் தாராளமாகச் சேர்த்தார்கள். ஃபோமோடு அது வேதிமுறையில் பிணைவதில்லை. சும்மா கலந்து கிடப்பதால் தூசியோடு வெளியே வந்துவிடும். எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களுக்கு எதிராக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-ல் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உங்கள் மெத்தையில் அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே உதிரத் தொடங்கிய ஃபோமை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

அதற்குப் பதில் இலவம்பஞ்சு போடலாம். அதைப் பலர் கைவிட்டதற்குக் காரணம், அது ஒரு மூலையில் சேர்ந்து கட்டிகட்டியாகிவிடுகிறது என்பது. பழி பஞ்சின்மேல் விழுந்தாலும் குறை தையலில் இருக்கிறது. மெத்தையை ஊடுருவிக் குத்தி இரு பக்கத்தையும் நூலால் இழுத்துக் கட்டும் ஊடுகட்டுப் போடாமல் பஞ்சைத் திணித்து வாயை மூடினால் எந்தப் பஞ்சும் ஓடத்தான் செய்யும்.

முதலில் பழையதை எடுப்பது. முற்றத்தில் அல்லது மொட்டைமாடியில் வைத்து, முகக்கவசம் அணிந்து, ஃபோமின்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு உறையைப் பிரியுங்கள். ஃபோமை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவே கூடாது. எரியும் ஃபோமிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். சட்டத்தை ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பம் தூசியைக் காற்றில் ஏற்றிவிடும்.

பஞ்சு வாங்கும்போது மூன்று சோதனை. ஒரு பிடி எடுத்து இறுக்கி விடுங்கள். நல்ல பஞ்சு உடனே உப்பி எழும், பழையது அப்படியே கிடக்கும். ஒரு சிட்டிகையை வெளியே வைத்துக் கொளுத்துங்கள்; சாம்பலானால் சரி, உருகிக் கடினமான மணியாக உறைந்தால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. இன்னொரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். இலவம்பஞ்சு மெழுகுப் பூச்சுள்ள வெற்றுக் குழல், ஆகவே மிதந்துகொண்டே இருக்கும். ஆலைக்கழிவுப் பருத்தி பெரும்பாலும் நனைந்து அமிழும். விதை கலந்திருந்தால் உதறிப் பொறுக்க வேண்டும். விதையில் எண்ணெய் உண்டு, பூச்சியும் எலியும் தேடி வரும். பர்மியர் லெப்பான் என்று சொல்லும் முள்ளிலவின் பஞ்சும் ஆகும்.

இனி அளவு. 22 அங்குல நீளம், 22 அங்குல அகலம், 4 அங்குல கனம் உள்ள ஒரு மெத்தைக்கு பர்மிய வீசைக் கணக்கில் ஒன்றேகால் வீசை பஞ்சு, அதாவது ஏறத்தாழ 2 கிலோ வேண்டும். கால் வீசை கூடுதலாக வாங்கி வையுங்கள்; எதற்கு என்று பின்னால் வரும். 44 அங்குல அகலத் துணியில், உள்ளுறைக்கு ஒன்றரை கெஜம், மேலுறைக்கு ஒன்றரை கெஜம். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு ஆளுக்கொரு மெத்தை என்றால் இரண்டு துணியிலும் நாலரை கெஜம். முதுகுத் திண்டுக்குத் தனிக் கணக்கு.

உள்ளுறைத் துணிதான் இந்த வேலையின் உயிர். நெருக்கமாக நெய்த, சாயமிடாத பருத்தி வேண்டும். துணியை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை போல வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அதன் வழியே பஞ்சிழை வெளியே வரும். சாதாரண காடாத் துணி பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். பருத்தி நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கும். இதைத் தவறவிட்டால் மேலுறையை முதல் முறை துவைத்த பிறகு மெத்தை உள்ளே போகாது. கறை ஒட்டாது என்று சொல்லி விற்கும் துணி வேண்டாம். அந்தப் பூச்சில் ஃபுளோரின் ரசாயனம் இருக்கலாம். மேலுறைக்குக் பின்னி என்னும் கெட்டியான பர்மியக் கைத்தறிப் பருத்தித் துணி அழகாகவும் இருக்கும், காற்றும் விடும்.

23 அங்குலச் சதுரம் இரண்டு வெட்டுங்கள். மீதியில் 5 அங்குல அகலப் பட்டைகள். அரை அங்குலம் தையலுக்கு. ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு, ஒரு பக்கத்தில் 8 அங்குல வாய் விடுங்கள்.

பஞ்சை அடைக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். இலவம்பஞ்சுத் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. முதலில் நான்கு மூலைகள். விரலால் உதிர்த்து உதிர்த்துக் கைப்பிடி கைப்பிடியாகத் தள்ளுங்கள். உருண்டையாகத் திணித்தால் அந்த உருண்டை கடைசிவரை உருண்டைதான். பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. முடிந்ததும் மெத்தை 5, 6 அங்குலம் உப்பி நிற்க வேண்டும். உட்கார உட்கார அமுங்கி 4-க்கு வரும்.

அடுத்து ஊடுகட்டு. 8 அங்குலத்துக்குக் குறையாத கோணி ஊசி, மெழுகு தேய்த்த முறுக்கு நூல். மெத்தையின் மேல் ஐந்தரை அங்குலத்துக்கு ஒன்றாக, மூன்று வரிசையில் ஒன்பது புள்ளி குறியுங்கள். மேலிருந்து கீழே குத்தி, கால் அங்குலம் தள்ளி மறுபடி மேலே கொண்டு வாருங்கள். இரு பக்கமும் நூலுக்கு அடியில் விரல்நகம் அளவு மடித்த துணித்துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் நூல் துணியை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அந்த இடத்தில் கனம் 3 அங்குலம் ஆகும்வரை இழுத்து முடிச்சிடுங்கள். அதற்குமேல் இழுத்தால் குழி விழுந்து பஞ்சு சுற்றிலும் ஓடும். வாயைக் கைத்தையலால் மட்டும் மூடுங்கள். மூன்று மாதம் கழித்து அதைப் பிரித்து, அந்தக் கால் வீசையில் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். எங்கும் பசை தேவையில்லை. ஸ்ப்ரே பசையின் கரைப்பான் நெடி பல நாள் அறையில் நிற்கும்.

மெத்தைக்கு அடியில் பலகை அடித்திருந்தால் காற்றோட்டம் இருக்காது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பலகையை எடுத்துவிட்டு, 2 அங்குலச் சணல் பட்டையை ஓரங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் பாய் போலப் பின்னி இழுத்து அடியுங்கள்.

உட்காரும்போது இன்னும் துள்ளல் வேண்டுமென்றால் ரப்பர் பாலில் செய்த லேட்டக்ஸ் போடலாம். ஆனால் விற்பவர் லேட்டக்ஸ் என்று சொல்வதில் செயற்கை ரப்பர் கலந்தது நிறைய, கேட்டு வாங்குங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டும். இலவம்பஞ்சுக்கு வெயில் மருந்து. லேட்டக்ஸுக்கு வெயில் பகை, காய்ந்து பொடியாகும்.

இந்த வேலையை நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடியுங்கள். மழையில் அடைத்த பஞ்சு ஈரத்தோடு உள்ளே போய் நாற்றமெடுக்கும். பிறகு மாதம் ஒருமுறை நல்ல வெயிலில் இரு பக்கமும் திருப்பிப் போட்டுக் கையால் தட்டுங்கள். இலவம்பஞ்சைத் துவைக்கக் கூடாது, மேலுறையை மட்டும். உள்ளே அந்துருண்டை வைக்காதீர்கள், அதிலுள்ள நாப்தலீன் நஞ்சு. நன்றாக உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து சோபாவுக்கு அடியில் வைத்தால் போதும்.

தீ விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். இலவம்பஞ்சு நொடியில் பற்றும். ரசாயனம் இல்லை என்பதன் மறுபக்கம் இதுதான். மின்வெட்டு நேரத்தில் மெழுகுவர்த்தியை சோபாக் கைப்பிடியில் நிறுத்தாதீர்கள். கொசுவர்த்தியை சோபாவுக்கு அடியில் வைக்கும் பழக்கம் இருந்தால், புது மெத்தை வந்த அன்றே அறையின் எதிர்மூலைக்கு மாற்றுங்கள்.