குதிரைக்குச் சேணம் எடுக்க முதல் அதன் முதுகை அளந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் சவாரி என்றால் எல்லோருக்கும் மாட்டு வண்டிதான் நினைவுக்கு வரும். குதிரை வைத்திருப்பவர்கள் குறைவு, அதனால் சேணத்தை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்க அயலில் ஆளும் கிடைப்பதில்லை. கொழும்பிலோ நுவரெலியாவிலோ யாராவது விற்கிற பழைய சேணம், இல்லாவிட்டால் இந்தியாவில் கான்பூரில் செய்து வருகிற புதியது, இரண்டில் ஒன்றைப் படத்தைப் பார்த்து விலை கதைத்து பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லி எடுத்துவிடுகிறோம். வந்து சேர்ந்ததும் குதிரையில் ஏற்றி, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டியை இறுக்கி, எங்களுக்கு இருக்க வசதியா என்று மட்டும் பார்க்கிறோம். இந்த வரிசை பிழை. முதலில் குதிரைக்குப் பொருந்த வேண்டும், அதற்குப் பிறகுதான் எங்களுக்கு. முதுகு நோகிற குதிரை துள்ளும், திடீரென்று நிற்கும், ஆளைத் தள்ளும். ஆகவே உங்கள் பாதுகாப்பும் அதன் முதுகில்தான் தொடங்குகிறது.

மாடு கட்டி வளர்த்த வீட்டாருக்கு நுகம் சரியில்லாவிட்டால் கழுத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குதிரையில் அதே சேதம் முதுகில் வரும், ஆனால் தோலில் புண் தெரிய முன்னமே உள்ளே தசை நொந்துபோயிருக்கும்.

சரி, அளப்பது எப்படி? குதிரையைச் சமமான சீமெந்து நிலத்தில், நான்கு காலும் நேராக இருக்க, தலையை இயல்பாக வைத்து நிறுத்துங்கள். தோள் எலும்பின் பின் ஓரத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து சோக்கால் ஒரு கோடு போடுங்கள். பிறகு விலாவின் கடைசி எலும்பைத் தேடி, அதன் வளைவை முதுகு வரை பின்தொடர்ந்து இன்னொரு கோடு. ஆளின் பாரம் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில்தான் இறங்க வேண்டும். முன்னால் போனால் தோள் அசையாது, பின்னால் போனால் தாங்க விலா எலும்பு இல்லாத இடுப்பில் பாரம் விழும். மட்டக் குதிரைகளுக்கு இந்த இடம் மிகவும் குறுகியது. பெரிய ஆளுக்கென்று செய்த நீளமான சேணத்தை அவற்றின் மேல் வைக்கவே கூடாது. (நெடுந்தீவில் திரிகிற குதிரைகளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்கு ஒன்று: அவை திறந்த வெளியில் தாமாகத் திரிகிற, பாதுகாக்கப்பட்ட குதிரைகள், பிடித்துச் சேணம் கட்டுவதற்கு உரியவை அல்ல.)

அடுத்தது முதுகின் வடிவம். ஹாட்வெயார் கடையில் தடித்த செப்புக் கம்பி வாங்குங்கள், வளைத்தால் வளைந்தபடியே நிற்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழும்பி நிற்கும் தோள்மேட்டுக்குக் குறுக்காக, தோள் எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், கம்பியை அழுத்திப் பதித்து, உருக்குலையாமல் எடுத்து மட்டையில் வரைந்து வெட்டுங்கள். ஒரு கையளவு பின்னால் இன்னொன்று, முதுகு மிகவும் பதிந்த இடத்தில் மூன்றாவது. விற்பவருக்கு இந்த மட்டைகளை அடிமட்டம் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். 'நடுத்தர அளவு' என்று அவர் வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் நடுத்தரம் வேறு.

பாரத்தையும் இப்போதே கணக்குப் பாருங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது, மெலிந்த அல்லது வயதான குதிரைக்கு இன்னும் குறைய. தராசு தேவையில்லை, தையற்கார ரேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி வரும் அளவை அதே அளவால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட கிலோவில் எடை வரும், அளவுகள் சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 300 கிலோ. அதாவது சேணத்தோடு சேர்த்து 60 கிலோ. கொம்பு வைத்த அமெரிக்க மாட்டுக்காரர் சேணம் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் தனியே அதுவே 12 கிலோவுக்கு மேல் போகலாம். மீதிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சேணம் கைக்கு வந்ததும் முதலில் அடியில் விரிக்கும் துணியே இல்லாமல் வெறும் முதுகில் வையுங்கள். சற்று முன்னால் வைத்து, மயிர் படிகிற பக்கமாகப் பின்னால் தள்ளினால் அது தானாக ஓரிடத்தில் நிற்கும், அதுதான் அதன் இடம். சேணத்தின் முன்பக்க வளைவுக்கும் (முன்வளைவு) தோள்மேட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், ஆள் ஏறிய பிறகும் இடைவெளி இருக்க வேண்டும். பின்னால் நின்று குனிந்து பார்த்தால் முதுகெலும்புக்கு மேலே முன்னிருந்து பின் வரை வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் அடியில் முதுகின் இரு பக்கமும் படிகிற இரண்டு மெத்தைகளுக்கும் இடையிலான பள்ளம் எல்லா இடத்திலும் மூன்று நான்கு விரல் அகலம். பிறகு உள்ளங்கையை மெத்தைக்கு அடியில் முன்னிருந்து பின்னுக்கு மெதுவாக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் தளர்ந்திருந்தால் பாரம் முழுவதும் நான்கு மூலையில் குத்துகிறது. முன்னும் பின்னும் ஆடினால் நடுவில் குத்துகிறது. இருக்கையின் ஆழமான இடம் நடுவில் இருக்க வேண்டும். பின்னால் சரிந்திருந்தால் பெரும்பாலும் முன்வளைவு ஒடுக்கம், முன்னால் சரிந்து தோள்மேட்டில் குந்தினால் அகலம் கூட.

ஒடுக்கமான சேணத்துக்குத் தடித்த துணி போட்டால் சரியாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆகாது, இன்னும் இறுகும். சற்று அகலமானதற்குத் துணியால் ஓரளவு உதவலாம், ஒடுக்கத்துக்கு வழியே இல்லை. விண்டெக் என்ற கம்பனி செய்வது போன்ற, தோலில்லாத செயற்கைச் சேணங்கள் பலவற்றில் முன்வளைவு இரும்பைக் கழற்றி மாற்றலாம். விண்டெக்கில் இரும்பின் நிறம் அளவைக் காட்டும்: மஞ்சள் ஒடுக்கம், கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம். முதன்முதலாக எடுப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பாரம் குறைவு, வியர்வையைத் தண்ணீரால் கழுவலாம், மாரியில் பூஞ்சணத்தோடு மல்லுக்கட்டவும் தேவையில்லை.

பழையது எடுக்கிறீர்களா? உள்ளே இருக்கும் சட்டம் உடைந்திருந்தால் வெளியே தெரியாது. முன்வளைவின் இரு பக்கத்தையும் பிடித்து நெரித்தும் விரித்தும் பாருங்கள், பிறகு முன்பக்கத்தை வயிற்றில் முட்டுக்கொடுத்து, இருக்கையின் பின்மேட்டை உங்கள் பக்கம் இழுங்கள். கிறீச்சிட்டாலோ முன்வளைவு அசைந்தாலோ விலை எவ்வளவு மலிந்தாலும் விட்டுவிடுங்கள். பட்டி கொளுவும் வார்களை முழுப் பலத்தோடு இழுத்து, துளைகள் நீண்டு கிழிந்திருக்கிறதா, தையல் நூல் உக்கியிருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். வார் அறுந்தால் ஆள் சேணத்தோடு கீழே.

கால் வைக்கிற அங்கவடி உங்கள் சப்பாத்தை விட 2.5 சென்ரிமீற்றர் அளவு அகலமாக இருக்க வேண்டும். ஒடுங்கினால் கால் சிக்கும், அதிகம் அகன்றால் பாதம் முழுவதும் உள்ளே போய்விடும். குதி உள்ள சப்பாத்துப் போடுங்கள், செருப்போடு ஏறவே வேண்டாம். அங்கவடி வார் கொளுவும் இரும்பின் நுனியில் மடக்கித் திறக்கிற ஒரு சின்னத் துண்டு இருந்தால் அதைத் திறந்தே விடுங்கள். விழும்போது கால் சிக்கினால் வார் கழன்று வரும், குதிரை இழுத்துக்கொண்டு ஓடாது. இருக்கையில் உட்கார்ந்தால் பின்னால் நான்கு விரல் மீதி இருக்க வேண்டும், முழங்கால் சேணத்தின் பக்க மடலுக்கு வெளியே நீட்டக்கூடாது.

பட்டியை ஒரே இழுவையில் இறுக்காமல் இரண்டு மூன்று தரமாக இறுக்குங்கள். சற்று நடக்கவிட்டு ஏற முன் மறுபடி பாருங்கள், கட்டும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை ஊதுகிற குதிரைகள் உண்டு. கட்டுகிறபோது காதை மடக்கினால், கடிக்க வந்தால், முதுகைப் பதித்தால், குணம் கெட்டது என்று அடிக்காதீர்கள். சேணத்தைக் கழற்றி முதுகை அழுத்திப் பாருங்கள், நோவு இருந்தால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

முடிவான சோதனை வியர்வை. அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டுக் கழற்றுங்கள், எங்கள் வெயிலுக்கு அது தாராளம். இரு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் என்றால் நல்லது. ஈரத்துக்கு நடுவில் உள்ளங்கையளவு காய்ந்த திட்டு இருந்தால் அந்த இடம் அதிகமாக அழுத்தப்பட்டிருக்கலாம். பழைய குதிரையில் வெள்ளை மயிர்த் திட்டுகள் இருந்தால் முந்தின சேணம் செய்த வேலையாக இருக்கலாம், அந்த இடங்களை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஒருமுறை பொருந்தினால் எப்போதும் பொருந்தும் என்றில்லை. ஆவணியில் புல் காய்ந்து குதிரை மெலியும், மாரி மழைக்குப் பிறகு கொழுக்கும், முதுகும் அதோடு மாறும். வெட்டி வைத்த மட்டைகளை எறியாமல் திகதி எழுதி வைத்து, வருடத்தில் இரண்டு தரமாவது திரும்ப அளந்து ஒப்பிடுங்கள். தோல் சேணம் என்றால் ஓட்டிய பிறகு ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். எண்ணெய் கொஞ்சமாகப் போதும், கூடினால் தோல் நொய்ந்து தையல் விடும்.